பயம் கழன்ற எலி

வெள்ளை எலியை உள்ளங்கையில் வைத்தால் கடிக்காது. விரல்களை முகர்ந்துவிட்டுச் சட்டைக் கைக்குள் புகுந்து தோள்வரை ஏறிப் பார்க்கும். கொழும்புத் துறைமுகத்துக் கானில் ஓடும் பழுப்பு எலியிடம் இதே விளையாட்டை ஆடினால் வைத்தியசாலையில்தான் முடியும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே இனம். சேர்த்து விட்டால் குட்டி போடும். நிறத்தைப் பார்த்து வேறு என்கிறோம். நிறம் சில்லறை விஷயம். கானில் ஓடுவதற்குப் பயம் இருக்கிறது, கையில் இருப்பதற்கு அது கழன்றுவிட்டது.

வளர்ப்புப் பாம்புக்கு இரையாக வீட்டில் எலி வளர்ப்பது என்ற காரியம் முழுவதும் இந்தப் பயமின்மையின் மேல்தான் நிற்கிறது. ஆளைக் கண்டவுடன் கூட்டில் மோதிக்கொள்கிற எலியைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வளர்க்க முடியாது. அரண்டுபோன தாய் தன் குட்டிகளையே தின்றுவிடும். மூடியைத் திறந்து ஆள் எட்டிப் பார்க்கும்போதும் தன் பாட்டில் படுத்துப் பால் கொடுக்கிற எலி வேண்டும். அப்படி ஓர் எலி காட்டில் கிடையாது. அதை உண்டாக்கினார்கள். அது உண்டாகி நாவலப்பிட்டி போன்ற ஒரு மலையூர்வரை வந்து சேர்ந்த வழி நீளமானது, அதில் பெருமைப்பட அதிகமில்லை.

வட சீனா, மங்கோலியாப் பக்கத்துப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்ந்த பிராணி பழுப்பு எலி. மனிதன் தானியம் சேர்த்த இடமெல்லாம் கூடவே நகர்ந்தது. 1727இல் இவை கூட்டமாக வொல்கா ஆற்றை நீந்திக் கடந்து மேற்கே போனதாக பீட்டர் பலாஸ் என்ற இயற்கையியலாளர் எழுதிவைத்தார். கதை கொஞ்சம் அழகாகவே இருக்கிறது. ஒரே நாளில் ஒரு கண்டத்துக்குள் எலி வந்துவிடாது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பியத் துறைமுகங்களில் பழுப்பு எலி பெருகியது உண்மை. 1769இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்த பெர்கன்ஹவுட், நோர்வேயிலிருந்து வந்த கப்பல்களின்மேல் பழி போட்டார். நோர்வேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் நோர்வே எலி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எலியின் தலையெழுத்து மாறிய இடம் இலண்டன். 1835இல் பிரித்தானியப் பாராளுமன்றம் கரடியையும் காளையையும் கட்டிவைத்து நாய்களை ஏவுகிற விளையாட்டைத் தடைசெய்தது. எலிக்காகப் பேச அங்கே ஒருவரும் இருக்கவில்லை. மதுக்கடைகளின் உள்ளறையில் மரப்பலகை அடித்த குழி, அதற்குள் நூறு எலி, ஒரு டெரியர் நாய், சுற்றி நின்று பந்தயம் கட்டும் கூட்டம். எத்தனை நிமிடத்தில் நாய் எல்லாவற்றையும் கொன்று முடிக்கிறது என்பதுதான் கணக்கு. குழி ஒன்றுக்கு வாராவாரம் நூற்றுக்கணக்கில் எலி தேவைப்பட்டது. எலி பிடிப்பது ஒரு தொழிலாகி, பிடித்த எலியைத் தீன் போட்டு வைத்திருப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது.

அந்தத் தொழிலின் பெரிய ஆள் ஜக் பிளாக். விக்டோரியா அரசியின் எலிபிடிகாரர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, எலி உருவங்கள் பதித்த தோள்பட்டி அணிந்து தெருவில் வித்தை காட்டியவர். ஹென்றி மேஹ்யூ இலண்டன் உழைப்பாளிகளைப் பற்றித் தொகுத்த பெரிய நூலில் இவருடைய பேட்டி இருக்கிறது. சாக்கடையில் அபூர்வமாக அகப்படும் வெள்ளை, புள்ளி, கபில நிற எலிகளைக் குழிக்கு அனுப்பாமல் ஒதுக்கி வைத்து, தமக்குள் இணைசேர்த்து, பணக்காரப் பெண்களுக்குச் செல்லப் பிராணியாக விற்றார். இந்த இடத்தில்தான் பயம் கழலத் தொடங்கியது என்பது என் எண்ணம். கடிக்கிற குட்டியை யாரும் வாங்கமாட்டார்கள், அது இணைசேர்க்கும் பெட்டிக்கும் திரும்பாது. கடிக்காததே அடுத்த தலைமுறையைப் பெற்றது.

அங்கிருந்து ஆய்வுகூடத்துக்கு அதிக தூரமில்லை. 1856இல் பாரிஸில் பிலிப்போ என்ற ஆய்வாளர் வெள்ளை எலிகளின் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அதிரனல் சுரப்பிகளை வெட்டி எடுத்துவிட்டு, எலி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார். வெள்ளை எலி அறிவியலுக்குள் நுழைந்ததாகப் பொதுவாகக் காட்டப்படும் முதல் சோதனை இது. அவர் தொட்டது, ஆபத்தைக் கண்டால் உடலைத் தயார்ப்படுத்தும் சுரப்பி. ஏறத்தாழ நூறு வருடங்கள் கழித்து, அமெரிக்காவின் பால்டிமோரில் கேர்ட் ரிக்டர் தெருச் சந்துகளில் பொறிவைத்துப் பிடித்த எலிகளையும் ஆய்வுகூட எலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் அறுத்துப் பார்த்தபோது, வளர்ப்பு எலியின் அதிரனல் சுரப்பி கண்கூடாகச் சிறுத்திருந்தது. பிலிப்போ கத்தியால் எடுத்ததை வளர்ப்பு மெதுமெதுவாகக் குறைத்திருந்தது.

இடையில் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவகம். ஹென்றி டொனால்ட்சன் 1906இல் வெள்ளை எலிகளோடு அங்கே சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் வந்த ஹெலன் டீன் கிங் என்ற பெண் விஞ்ஞானி அண்ணன் தங்கையை இணைசேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும் எலிகளை உருவாக்கினார். பிறகு எதிர்த்திசையில் ஒரு வேலை: 1919 முதல் காட்டு எலிகளைப் பிடித்துக் கூட்டில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார். முதலில் அவற்றில் பல குட்டி போடவே மறுத்தன. தலைமுறை செல்லச் செல்லப் பருமன் கூடியது, குட்டிகள் கூடின, நிறமும் மயிரும் மாறத் தொடங்கின. சுருள்மயிர் எலியும் அந்தக் கூடுகளில் தோன்றியது. செல்லப் பிராணிக் கடையில் இன்று ‘ரெக்ஸ்’ என்று விலைபேசும் சுருள்மயிர் எலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம் வரும்.

உலகம் முழுவதும் ஆய்வுகூடங்களில் பரவிய விஸ்டார் வகை எலி இலங்கைக்கும் வந்தது. கொழும்பு பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் விலங்குக் கூடத்திலிருந்து பல்கலைக்கழகங்கள் இவற்றை வாங்குகின்றன. நம் வீட்டு வேலியில் படரும் கோவையிலை சீனி வருத்தத்துக்கு நல்லதா என்று சோதித்தது இந்த எலிகளில்தான். கொத்தல ஹிம்புட்டு என்ற மருந்துக் கொடியின் பட்டையையும் ஆய்வுகூட எலிகளில் சோதித்தார்கள். மருந்து கொடுத்து எலிக்கு நீரிழிவு வரவழைப்பார்கள், பிறகு இலைச்சாற்றைக் கொடுத்து இரத்தத்தில் சீனி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கை நீட்டினால் ஓடாத எலி என்பதால் ஒவ்வொரு நாளும் ஊசி குத்த முடிகிறது.

நாவலப்பிட்டி மலைகளுக்கு எலி புதிதல்ல. இந்த ஊருக்கு 1874இல் ரயில் வந்ததே கோப்பிக்காகத்தான். கோப்பித் தோட்டக்காலத்தில் இங்கே ஓர் எலி பெரும் புகழோடு இருந்தது. 1845 தொடங்கி ஐந்து வருடம் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளிவந்த தம் இயற்கை வரலாற்று நூலில் அதைப் பற்றி எழுதுகிறார். சிங்களத்தில் நெலு எனப்படும் குறிஞ்சி வகைச் செடிகள் பல வருடத்துக்கு ஒருமுறை காடு முழுக்க ஒன்றாகப் பூத்து, விதை கொட்டி, பட்டுப்போகும். விதை இருக்கும்வரை எலிக்குக் கொண்டாட்டம். தீர்ந்ததும் கூட்டம் கூட்டமாகக் கோப்பித் தோட்டத்துக்குள் இறங்கிப் பூவையும் தளிரையும் கொறிக்கும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிவரை அடித்ததுண்டாம். தமிழ்த் தொழிலாளர்கள் அவற்றைப் பொரித்தும் கறிவைத்தும் தின்றார்கள், எலி அதிகமுள்ள தோட்டங்களுக்குப் போகவே விரும்பினார்கள் என்றும் டெனன்ட் சொல்கிறார். தின்றதை நம்புகிறேன். விரும்பித் தோட்டம் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் இடிக்கிறது. கங்காணியின் கடனில் நடந்து வந்தவருக்குத் தோட்டம் தேர்ந்தெடுக்கிற உரிமை எவ்வளவு இருந்திருக்கும்? அளந்து கொடுத்த அரிசியோடு வேறு இறைச்சி கிடைக்காத இடத்தில் எலிதான் இறைச்சி. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. சில வருடங்களில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைத் தளிரை எலி சீண்டவில்லை, அந்தக் கோப்பி எலியை ஊரும் மறந்துவிட்டது.

ஆக, இந்த மண்ணில் எலியை இரையாகப் பார்ப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. தின்னும் வாய் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். நாவலப்பிட்டியில் எலிப்பெட்டி வைக்க நினைப்பவருக்கு எலியால் தொல்லை வராது, பாம்பால்தான் வரும். நம் நாட்டு மலைப்பாம்பு 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடித்துவந்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பது குற்றம். ஆபிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து உலகச் சந்தைக்குப் போகும் பந்து மலைப்பாம்பானாலும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் சுங்கத்தைத் தாண்டக்கூடாது. அமெரிக்காவில் இத்தகைய கட்டுப்பாடு தளர்ந்திருந்த காலத்தில் வாங்கி வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள், இரை போட்டு மாளாமல் கைவிடப்பட்டும் தப்பியும் புளோரிடாச் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. அவற்றைப் பிடித்துத் தர 2017இல் தமிழ்நாட்டு இருளர் பழங்குடியினரான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் விமானத்தில் அழைத்துப் போனார்கள். புல் மடிந்திருப்பதையும் எச்சத்தையும் பார்த்தே பாம்பு இருக்குமிடம் சொல்லும் அவர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் பக்கத்தில் பாம்புகளை முறையாகக் கூட்டில் வைத்துப் பார்த்த இடம் ரயிலில் போனால் கம்பளைக்கு அப்பால், பேராதனை. இந்தியாவிலிருந்து நமக்கு வரும் நச்சுமுறிமருந்தில், இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கிற, மூக்கு மேல்நோக்கித் தூக்கிய சின்ன விரியனுக்கு மருந்தில்லை. அந்தக் குறையைப் போக்கப் பேராதனைப் பல்கலைக்கழகமும், அமெரிக்கத் தொண்டு அமைப்பு ஒன்றும், கோஸ்ட்டா ரிக்காவின் குளோடோமிரோ பிகாடோ நிறுவகமும் சேர்ந்து 2010களில் வேலை செய்தன. பேராதனையில் கூட்டில் வளர்த்த பாம்புகளிடம் நஞ்சு எடுத்து கோஸ்ட்டா ரிக்காவுக்கு அனுப்ப, அங்கே குதிரைகளுக்கு அதைச் சிறிது சிறிதாக ஏற்றி மருந்து செய்தார்கள். மருந்து வேலை செய்கிறதா என்ற சோதனை 2016இல் வெளியானது. சோதிக்கப்பட்டவை சுண்டெலிகள்.

பாம்பென்றால் எலி தின்னும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுவிரியனுக்கு மற்றப் பாம்புகள்தான் பிடித்த உணவு. அந்தச் சின்ன விரியன் பல்லியையும் தவளையையும் தேடும். கண்ணாடி விரியனும் நாகமும் மலைப்பாம்புமே எலிக்காரர்கள். அவற்றுக்கு வெளியே பிடித்த எலியைக் கொடுத்தால் அதன் குடற்புழுவும் உண்ணியும் கூடவே வரும். தோட்டத்தில் வைத்த நஞ்சைத் தின்று தள்ளாடிய எலியாக இருந்தால் அந்த நஞ்சும் வரும். பெட்டியில் பிறந்த எலி வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

இனிப் பெட்டி. ஓர் ஆண், இரண்டு மூன்று பெண். சினைக்காலம் 21 முதல் 23 நாள். குட்டிகள் எட்டு, பத்து, சில வேளை பதினான்கு. பிறந்தபோது கண் மூடி, மயிரின்றி, வயிற்றில் வெள்ளையாகப் பால் தெரியும். ஒரு வாரத்தில் பூமயிர், இரண்டு வாரத்தில் கண், மூன்று வாரத்தில் பால்குடி மறப்பு. ஐந்தாறு வாரத்திலேயே ஆணும் பெண்ணும் பருவத்துக்கு வந்துவிடும் என்பதால் பிரித்து வைக்கத் தவறினால் கணக்குக் குழம்பும். ஈன்ற தாய் 24 மணி நேரத்துக்குள் மறுபடி சினைப்பிடிக்கக் கூடியது. ஆணைக் கூடவே விட்டால் ஒரு குட்டிக் கூட்டம் பால்குடிக்கும்போதே அடுத்தது வயிற்றில் வளரும். மூன்று பெண் எலிகள் பத்துப் பத்தாகப் போட்டால் ஐந்து வாரத்தில் முப்பது. நடுத்தரப் பந்து மலைப்பாம்பு வாரத்துக்கு ஒன்று தின்னும், அதுவும் மனமிருந்தால். மிச்சத்தை என்ன செய்வது? வீட்டில் எலி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் முட்டுகிற சுவர் இது. ஒற்றைப் பாம்புக்காரர் சொந்தமாக எலி வளர்ப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கொன்று உறையவைத்த எலியை நாலு பேர் சேர்ந்து ஓரிடத்தில் வாங்குவதே மேல்.

நாவலப்பிட்டியின் குளிர் எலிக்கு ஒத்துக்கொள்ளும். 30 பாகைக்கு மேல் வெப்பம் நீடித்தால் ஆண் எலிகள் மலடாகும், கொழும்பில் அது பெருந்தொல்லை. இங்கே தொல்லை மழை. தென்மேற்குப் பருவம் பிடித்தால் மகாவலியின் இரு கரையும் மாதக்கணக்கில் ஈரம். கோழித்தீனும் தேங்காய்ப் புண்ணாக்கும் பூஞ்சணம் பிடிக்கும். அதில் ஊறும் அஃப்ளடொக்சின் எலியின் ஈரலைத் தின்னும். பெட்டிக்குள் போட்ட உமி காயாது, சிறுநீரிலிருந்து அமோனியா கிளம்பும், எலிகளின் நுரையீரலில் ஏற்கனவே பதுங்கியிருக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி விழித்துக்கொள்ளும். இருட்டில் பெட்டிக்குக் காது கொடுத்தால் கொறகொறவென்ற மூச்சு கேட்கும். அந்தப் பெட்டி முழுவதும் நோய் என்று அர்த்தம். பலகைப் பெட்டி சரிவராது. வாழ்நாள் முழுக்க வளரும் முன்பல் அதை ஒரு வாரத்தில் துளைத்துவிடும். கம்பி வலை, தடித்த பிளாஸ்டிக், உலோகக் குழாய் வைத்த தண்ணீர்ப் போத்தல்.

தீன் இருக்குமிடத்துக்கு வெளி எலி வரும் என்பது இன்னொரு கவலை. இலங்கையில் 2008இல் எலிக்காய்ச்சல் 7,000க்கும் மேற்பட்டவர்களைப் பீடித்தது. கேகாலை, மாத்தளை, கண்டிப் பக்கங்களில் வயலில் இறங்கியவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். வெளி எலியின் சிறுநீர் பட்ட தீன் பெட்டிக்குள் போனால், பெட்டி எலியும் அந்தக் கிருமியைச் சுமக்கத் தொடங்கும். மனிதரைப் போலன்றி எலி அதனால் படுப்பதில்லை, ஆரோக்கியமாகவே ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி கழுவும்போது கையுறை போடாதவருக்குப் பிறகு காய்ச்சல் வரும்.

உயிருள்ள எலியைப் பாம்புப் பெட்டிக்குள் போட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இலண்டன் குழியைச் சுற்றி நின்றவர்களுக்கும் இவர்களுக்கும் நான் வித்தியாசம் காணவில்லை. அது பாம்புக்கும் கேடு. பசியில்லாத பாம்போடு இரவு முழுக்க அடைபட்ட எலி பாம்பின் முதுகைக் கொறித்து எலும்பு தெரியச் செய்யும். கொன்று கொடுப்பதே வழக்கமாகிவிட்ட முறை. காபனீரொட்சைட்டு வாயுவை மெதுவாக நிரப்பி மயக்கத்திலேயே முடிப்பார்கள். இதில் வளர்ப்பவர் அறிந்திருக்க வேண்டியது, புதிதாகப் பிறந்த குட்டி பிராணவாயு குறைந்த நிலைக்குப் பழகியது, வளர்ந்த எலி சில நிமிடத்தில் முடியும் இடத்தில் அது வெகுநேரம் தாங்கும். செத்துவிட்டது என்று எடுத்து உறையவைத்தால் உள்ளே கண்விழிக்கும். மயிர் முளைக்காத குட்டியைப் பாம்புக்குஞ்சுக்குக் கொடுப்பதற்காகச் சேமிக்கிறவர்கள் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

கொல்லக் கையை நீட்டினாலும் பெட்டி எலி ஓடாது. தீன் வரும் கை என்று முகர வரும். எலியின் இருநூறு வருடப் பயணமும் இந்தக் கைக்காகத்தான் நடந்தது. இந்தச் சங்கடத்தைச் சமாளிக்க எலிக்குப் பெயர் வைப்பதில்லை என்பார்கள் சிலர். ஒருவர் தீன் போடவும் வேறொருவர் கொல்லவும் ஏற்பாடு செய்கிற வீடுகளும் உண்டு.

உறைந்த எலியைக் குளிரூட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, பிறகு கைச்சூடான தண்ணீரில் தோய்த்து உடற்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் சூட்டைத்தான் பார்க்கின்றன. நீண்ட இடுக்கியால் வாலைப் பிடித்து ஆட்டினால், பாம்புக்கு அது உயிருள்ளதுதான். பிடித்து, மூன்று சுற்றுச் சுற்றி, செத்ததை மறுபடி நெரிக்கும். தலைப்பக்கம் தேடி, மயிர் படிந்த திசையில் விழுங்கும்.

உள்ளே நடப்பதைப் பர்மிய மலைப்பாம்புகளில் பார்த்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த பாம்பின் குடலும் ஈரலும் இதயமும் சுருங்கியிருக்கும். தன் எடையில் காற்பங்கு எலியைத் தின்ற 48 மணி நேரத்துக்குள் இதயத் தசை ஏறத்தாழ 40 வீதம் பெருக்கிறதென 2005இல் கண்டார்கள். செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். கொலராடோவில் லெஸ்லி லைன்வாண்டின் குழு 2011இல் அதற்கான காரணத்தைத் தேடி, இரை தின்ற பாம்பின் இரத்தத்தில் மிகுந்திருந்த மூன்று கொழுப்பமிலங்களைக் கண்டுபிடித்தது. அந்தக் கலவையை ஒரு வாரம் ஏற்றிப் பார்த்தபோது, சோதிக்கப்பட்ட பிராணியின் இதயமும் நோயின்றிப் பெருத்தது. அவர்கள் ஏற்றிப் பார்த்தது சுண்டெலிகளுக்கு.